சென்சாரை மாற்றும் முன் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வளாகத்தின் திறந்த கிணற்றில், நீருக்குள் மூழ்கித் தொங்கும் நீர்மட்ட சென்சார் ஒன்று இருக்கிறது. 0–10 மீட்டர் அளவு, அதை 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டமாக அனுப்பும், இரண்டு கம்பி. இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. சில மாதங்களுக்கு முன் கேபிளை நீட்டிப் பம்பு அறைக்குக் கொண்டுபோனோம். இணைப்பைக் கிணற்றுச் சுவரின் மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மழைநீர் புகாதபடி ரப்பர் வளையமும் சிலிக்கான் பசையும் போட்டு இறுக மூடினோம். அதன் பிறகுதான் தொல்லை. காலை பத்து மணிவாக்கில் டேப் விட்டு அளந்தால் டிஸ்ப்ளேயும் டேப்பும் ஒத்துப்போகின்றன. மாலை மூன்று மணிக்கு டிஸ்ப்ளே 18 செ.மீ. குறைவாகக் காட்டுகிறது. விடியற்காலையில் 12 செ.மீ. கூடுதல். பம்பு ஓடாத நாட்களிலும் இப்படித்தான். பம்பு ஓடும்போது எண் 4, 5 செ.மீ. நடுங்கவும் செய்கிறது, பம்புக்கு விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) பொருத்தியிருக்கிறோம். சென்சாரை மேலே எடுத்துப் பார்த்தால் முனையில் பழுப்பு நிறப் படிவு. விற்றவர், “சென்சார் போய்விட்டது, இந்த முறை 0–50 மீட்டராக வாங்குங்கள், நன்றாகத் தாங்கும்” என்கிறார். மாற்றிவிடலாமா? அந்தப் படிவை ஊசியால் குத்தியோ ஆசிட் ஊற்றியோ எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மாற்ற வேண்டாம். ஊசியும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். 0–50 மீட்டர் அறவே வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பழுதான சென்சார் கடிகாரம் பார்த்துப் பழுதாகாது. கெட்டுப்போன சென்சாரின் எண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், அல்லது ஒரே இடத்தில் உறைந்து நிற்கும், அல்லது கண்டபடி குதிக்கும். உங்களுடையது காலை பத்து மணிக்குச் சரியாக இருக்கிறது, பிற்பகலில் குறைகிறது, விடியலில் கூடுகிறது, மறுநாள் பத்து மணிக்குத் திரும்பச் சரியாகிறது. இந்த ஒழுங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் உரியது. ஒரு நாளில் மூன்று வேளை டேப் விட்டு அளந்து, நேரத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த வேலையில் பாதி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை “சென்சார் தப்பாகக் காட்டுகிறது” என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். எவ்வளவு தப்பு, எப்போது தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று யாரும் எழுதுவதில்லை.

இந்த வகைச் சென்சார் நீர்மட்டத்தை நேராகப் பார்ப்பதில்லை. அதன் முனையில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கிறது, டயஃப்ரம் என்பார்கள். அதன் முன்பக்கத்தை நீர் அழுத்துகிறது. ஒரு மீட்டர் நன்னீர் ஏறக்குறைய 98 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் தரும். ஆனால் அந்த நீரின் தலைமேல் காற்றுமண்டலமும் உட்கார்ந்திருக்கிறது. அதன் எடை மட்டும் கடல்மட்டத்தில் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல், அதாவது பத்து மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான நீருக்குச் சமம். இந்தக் காற்றின் பங்கைக் கழிக்காவிட்டால் வரும் எண் எதற்கும் உதவாது. கழிப்பதற்காகத்தான் கேபிளுக்குள், மின்கம்பிகளோடு சேர்த்து, நூல்போல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. வென்ட் டியூப் என்பது அதுதான். அது வெளிக்காற்றை டயஃப்ரத்தின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முன்னால் நீரும் காற்றும், பின்னால் காற்று மட்டும். காற்றுக்குக் காற்று கழிந்துபோக, மிஞ்சுவது நீர்.

நீங்கள் கேபிளை வெட்டி இணைத்தபோது அந்தக் குழாயின் வாய் உங்கள் பெட்டிக்குள் வந்து நின்றது. பிறகு ரப்பர் வளையமும் பசையும் போட்டுப் பெட்டியை மூடினீர்கள். அந்த நிமிடம் முதல் டயஃப்ரத்தின் பின்பக்கம் வெளிக்காற்றோடு பேசவில்லை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது.

அடைபட்ட காற்று சூடானால் அதன் அழுத்தம் ஏறும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சாதாரண வெப்பநிலையில் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வுக்கு அழுத்தம் சுமார் 3.4 ஹெக்டோபாஸ்கல் கூடுகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சற்று மேல். ஆக, பெட்டி ஒரு டிகிரி சூடானால் உங்கள் கிணறு டிஸ்ப்ளேயில் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும். பின்பக்கம் கூடுதலாகத் தள்ளுவதால் முன்பக்கத்து நீர் குறைந்ததுபோலத் தோன்றுகிறது. இரவில் பெட்டி குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ்: பின்பக்கம் தளர்கிறது, கிணறு ஏறுகிறது.

இதோடு காற்றுமண்டலத்தின் சொந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சத்துக்குப் போகிறது. மாலை நான்கு, விடியற்காலை நான்கு மணிவாக்கில் தாழ்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். வென்ட் டியூப் திறந்திருந்தால் இது உங்கள் கண்ணில் படவே படாது. அடைத்துவிட்டால் அப்படியே அளவில் தெரியும். உங்கள் மாலை நேரப் பிழையான 18 செ.மீ.யில் மூன்று சென்டிமீட்டரை இதன் கணக்கில் எழுதலாம். மீதி 15 செ.மீ.க்குப் பெட்டிக் காற்று நான்கரை டிகிரி சூடானாலே போதும்.

வெயிலில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி இருபது டிகிரிகூடச் சூடாகுமே, அப்படியானால் பிழை அறுபது எழுபது சென்டிமீட்டராக அல்லவா இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பெட்டி நிழலில் இருந்தால் அவ்வளவு ஏறாது. வெயிலில் இருந்தால், அது நீங்கள் நினைக்கும் அளவுக்கு இறுக்கமாக மூடப்படவில்லை என்று பொருள். எங்கோ மெல்லக் கசிந்து, அழுத்தத்தில் ஒரு பகுதியை அவ்வப்போது விட்டுவிடுகிறது. முழுக்க அடைபட்ட பெட்டியைவிட இந்த அரைகுறை அடைப்பு மோசம். பகலில் சூடான காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து, கிணற்றோரத்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் வென்ட் டியூபில் இறங்கி, குளிர்ந்த நீருக்குள் இருக்கும் பகுதியில் துளிகளாகும். அவ்வளவு மெல்லிய குழாயை அடைக்க ஒரு துளி போதும். துளிகள் சேர்ந்து அடியில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்கினால், பின்பக்கத்தை அதே பத்து சென்டிமீட்டர் அளவுக்கு அழுத்தி, காட்டும் மட்டத்தைக் குறைக்கும். அதற்கடுத்த கட்டம் மின்சுற்றுக்குள் ஈரம். அப்போது சென்சார் உண்மையிலேயே போய்விடும், விற்றவர் சொன்னதும் பலித்துவிடும்.

இதுவரை எழுதியது ஊகம்தான். ஆனால் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பிழை பெரிதாக இருக்கும் நேரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒருவரை டிஸ்ப்ளே முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் போய்ப் பெட்டியின் மூடியைத் திறங்கள். நான் சொல்வது சரியென்றால் எண் சில நொடிகளிலோ, அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களிலோ 18 செ.மீ. மேலேறி டேப்போடு சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் திறந்தால் 12 செ.மீ. கீழே இறங்கும். இரண்டும் நடந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. திறந்தும் எண் அசையவில்லை என்றால் குழாய் வேறெங்கோ அடைந்திருக்கிறது: கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டை முறுக்கியபோது நசுங்கியிருக்கலாம், கேபிள் ஒரு கூரான விளிம்பில் மடிந்திருக்கலாம், பசை குழாயின் வாய்க்குள்ளேயே போயிருக்கலாம். உங்கள் விஷயத்தில் பசையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். குழாயின் நுனியை நல்ல கத்தியால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் பாருங்கள். வாயால் ஊதிப் பார்க்காதீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் முழுவதும் உள்ளே போகும். கம்ப்ரெசர் காற்றை விடுவது அதைவிடக் கெடுதல்: டயஃப்ரத்தைப் பின்பக்கத்திலிருந்து தள்ளிக் கிழித்துவிடும்.

சரிசெய்வது சிறிய வேலை. பெட்டி மழைக்கு மூடியிருக்க வேண்டும், காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். இதற்கென்றே, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த சிறிய வென்ட் பிளக்குகள் கிடைக்கின்றன. பெட்டியின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, கீழ்நோக்கிப் பொருத்துங்கள். பெட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். கிணறு நிரம்பி வழிந்தாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். உள்ளே நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள். வென்ட் டியூபின் முனை டெர்மினலின் மேல் படாமல், கீழ்நோக்கி வளைந்து, திறந்து நிற்கட்டும். பெட்டியிலிருந்து பம்பு அறைவரை போகும் கேபிளில் வென்ட் டியூப் தேவையில்லை. ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) உள்ள சாதாரண இரண்டு கம்பிக் கேபிளே போதும். நீட்டிப்பையும் வென்ட் டியூப் கேபிளில்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இதை மழைக்காலத்துக்கு முன் செய்து முடியுங்கள் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வலுவான புயல் ஒன்று அருகில் கடந்தால் காற்றழுத்தம் இருபது ஹெக்டோபாஸ்கல், சில நேரம் அதற்கும் மேல் குறையும். அடைபட்ட பெட்டி அதை இருபது சென்டிமீட்டர் நீர்க்குறைவாகக் காட்டும். வெளியே மழை கொட்டிக் கிணறு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் டிஸ்ப்ளே இறங்கும். அந்த எண்ணை நம்பிப் பம்பை இயக்கவும் நிறுத்தவும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, சென்சார் நலமாக இருக்கிறதா என்று ஒரு முறை முறையாகப் பார்த்துவிடலாம். பெட்டியைச் சரிசெய்த பிறகு இதைச் செய்யுங்கள். பம்பின் மின்சாரத்தை நிறுத்துங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம். எல்லாம் மேலே நின்றபடி செய்யக்கூடியவை. கேபிளில் டயஃப்ரத்திலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் நிற டேப்பால் அடையாளம் சுற்றுங்கள். லூப்பின், அதாவது சென்சாரும் டிஸ்ப்ளேயும் மின்வழங்கியும் சேர்ந்த சுற்றின், ஒரு கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை மில்லியாம்பியரில் வைத்துத் தொடராக இணையுங்கள். மின்வழங்கியின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிஸ்ப்ளேயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிஸ்ப்ளே காட்டுவது யாரோ எப்போதோ பதிந்த அமைப்பின் வழியாக வரும் எண். சென்சார் நேராகச் சொல்வது மில்லியாம்பியர்தான்.

உங்கள் சென்சாரில் ஒரு மீட்டர் நீருக்கு 1.6 மில்லியாம்பியர். காற்றில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் 4.00 வர வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டரில் 5.60, இரண்டில் 7.20, மூன்றில் 8.80, நான்கில் 10.40, ஐந்தில் 12.00. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நிறுத்தி எழுதுங்கள். பிறகு ஏற்றிக்கொண்டே வரும்போதும் அதே இடங்களில் எழுதுங்கள். மெதுவாக இறக்குங்கள். மேலிருந்து தொப்பென்று நீரில் விழுந்தால் அந்த அடியே டயஃப்ரத்துக்குத் தாங்க முடியாத அழுத்தமாகிவிடும்.

கிடைத்த எண்களைச் சும்மா பார்க்காதீர்கள், ஒரு தாளில் புள்ளிவைத்துக் கோடு போடுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ தள்ளி இருந்தால் ஜீரோ நகர்ந்திருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகள் ஓடிய சென்சாரில் சில சென்டிமீட்டர் நகர்வது இயல்பு. டிஸ்ப்ளேயில் ஆஃப்செட் (கூட்டவோ கழிக்கவோ வேண்டிய நிலையான எண்) போட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆழம் கூடக் கூடப் பிழையும் கூடிக்கொண்டே போனால் டயஃப்ரம் சேதமடைந்திருக்கலாம். இறக்கும்போது ஓர் எண்ணும் ஏற்றும்போது வேறோர் எண்ணும் வந்தால் முனைத் துளைகள் அடைந்திருக்கின்றன. ஆழம் குறைவாக இருக்கும்போது சரியாக ஓடி, ஒரு கட்டத்துக்கு மேல் எண் ஏறவே மறுத்தால் சென்சாரைத் திட்டாதீர்கள், மின்னழுத்தம் போதவில்லை. குறைந்தது 10 வோல்ட் கேட்கும் சென்சாரை 12 வோல்ட் பேட்டரியில் 250 ஓம் தடையோடு இணைத்தால் லூப்பில் 8 மில்லியாம்பியருக்கு மேல் ஓட முடியாது. 0–10 மீட்டர் சென்சாரில் அது வெறும் இரண்டரை மீட்டர். சூரிய மின்தகடும் பேட்டரியும் வைத்து ஓட்டும் இடங்களில் இந்தப் பிழை மேகமூட்டமான நாட்களில் மட்டும் தலைகாட்டும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நீங்கள் 24 வோல்ட் மின்வழங்கியில் ஓட்டினால் இந்தக் கவலை இல்லை.

மில்லியாம்பியர் எல்லாம் சரி, டிஸ்ப்ளே மட்டும் தவறு என்றால் அமைப்பைப் பாருங்கள். உள்ளீட்டை 4–20க்குப் பதில் 0–20 என்று வைத்திருந்தால் காற்றில் தொங்கும் சென்சாருக்கே இரண்டு மீட்டர் காட்டும், ஐந்து மீட்டருக்கு ஆறு காட்டும். உங்கள் பத்து மணி எண் டேப்போடு ஒத்துப்போவதால் உங்களிடம் இது இருக்க வாய்ப்பில்லை.

ஈரம் புகுந்த இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் பெட்டியில் இனி வரக்கூடியது அதுதான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஈரம் ஒரு கசிவுப் பாதை போட்டால், சென்சாரின் மின்னோட்டத்தோடு கசிவும் சேர்ந்து ஓடும்; எண் எப்போதும் கூடுதலாகவே காட்டும். 24 வோல்ட்டில் 24 கிலோ ஓம் கசிவு என்றால் ஒரு மில்லியாம்பியர். உங்களுக்கு அது அறுபது சென்டிமீட்டருக்கும் மேல். மழைக்குப் பின் கூடி, வெயிலில் காய்ந்து குறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு டெர்மினலைச் சந்தேகிக்கலாம். இதைச் சோதிக்க மெக்கர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கசிவை அளக்கும் கருவி) எடுக்க நினைப்பவர்கள் முதலில் சென்சாரைக் கழற்றிவிடுங்கள். 500 வோல்ட்டை அதன் மேல் செலுத்தினால் சோதனை முடியும்போது சோதிக்க எதுவும் மிஞ்சாது.

பம்பு ஓடும்போது வரும் நடுக்கம் வேறு நோய். மாலை நேரப் பிழையோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் அந்த நடுக்கம் நீரிலா கம்பியிலா என்று பிரித்துவிட வேண்டும். சென்சாரை நீருக்கு வெளியே எடுத்து, காற்றில் தொங்கவிட்டபடி பம்பை ஓட்டுங்கள். அப்போதும் 4 மில்லியாம்பியரைச் சுற்றி எண் நடுங்கினால் குற்றவாளி விஎஃப்டி, அதன் மின் இரைச்சல் கம்பியில் ஏறுகிறது. காற்றில் அசையாமல் நின்று, நீருக்குள் போனதும் நடுங்கினால் நீரோட்டம். விஎஃப்டி என்றால், ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த்தில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிப்பு வேலைக்குப் பின் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்: பழைய முனையில் ஒன்று, புதிய முனையில் ஒன்று. பம்பு அறைப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பெட்டியில் இரண்டு ஷீல்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்து, வேறெதிலும் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். சென்சார் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே குழாய்க்குள் ஓடினால் பிரித்துவிடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். நீரோட்டம்தான் காரணம் என்றால், அடிப்பகுதியில் துளைகள் போட்ட பிவிசி குழாய் ஒன்றைக் கிணற்றில் நிறுத்தி, அதற்குள் சென்சாரைத் தொங்கவிடுங்கள். குழாயின் மேல்வாய் திறந்திருக்கட்டும். மேலே மூடியும் போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, நாம் இப்போது தீர்த்த சிக்கலே வேறு வேடத்தில் வரும்.

படிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழுப்பு நிறம் என்றால் பெரும்பாலும் இரும்பு, அதோடு கொஞ்சம் பாசி. அது முனைக் கவசத்தின் துளைகளை அடைத்தால் எண் மாறுவது தாமதமாகும், முழுக்க அடைந்தால் உறைந்துவிடும். ஆனால் அதனால் எண் பகலில் குறைந்து இரவில் ஏறாது. ஆகவே உங்கள் தொல்லைக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சுத்தம் செய்வது நல்லதுதான். கவசம் கழற்றக்கூடியதாக இருந்தால் கையால் கழற்றுங்கள். முனையை வெதுவெதுப்பான நீரிலோ நீர் கலந்த வினிகரிலோ ஊறவைத்து, மெல்ல ஆட்டி அலசுங்கள். டயஃப்ரத்தை விரலாலும் அழுத்தாதீர்கள், பிரஷ்ஷும் வேண்டாம். அந்தத் தகடு மனிதத் தோலைவிட மெல்லியது. ஊசி பட்ட இடத்தில் குழி விழுந்தால் ஜீரோ நிரந்தரமாக நகரும், துளை விழுந்தால் கதை முடிந்தது. கழிவறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். சென்சார் மண்ணுக்குள் புதைந்திருந்ததா என்றும் பாருங்கள். தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டராவது மேலே தொங்கட்டும். அந்த உயரத்தை டிஸ்ப்ளேயில் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது அந்த 0–50 மீட்டருக்கு வருகிறேன். சென்சாரின் துல்லியத்தை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் முழு அளவின் சதவீதமாகவே சொல்கிறார்கள், நீங்கள் அளக்கும் நீரின் சதவீதமாக அல்ல. 0.5 சதவீதம் என்றால் பத்து மீட்டர் சென்சாரில் 5 செ.மீ., ஐம்பது மீட்டர் சென்சாரில் 25 செ.மீ. ஆறேழு மீட்டர் நீருள்ள கிணற்றில் ஐம்பது மீட்டர் சென்சாரைப் போட்டால், இப்போது உங்களைத் தொல்லைப்படுத்தும் பிழையைவிடப் பெரிய பிழை விதிப்படியே அனுமதிக்கப்பட்டதாகிவிடும். நீங்கள் புகார்கூடச் சொல்ல முடியாது. அதோடு புதிய சென்சாரையும் அதே பெட்டியில்தான் இணைப்பார்கள். மாலை மூன்று மணிக்கு அதுவும் 18 செ.மீ. குறைவாகக் காட்டும். பெட்டிக்குள் இருப்பது ஹெக்டோபாஸ்கல். சென்சாரின் அளவு எதுவானாலும் அது மாறாது. “தாங்கும்” என்று அவர் சொன்னது மிகையழுத்தத்தை மனதில் வைத்து என்றால், கிணறு முழுக்க நிரம்பினாலும் சென்சாருக்கு மேல் பத்து மீட்டரைத் தாண்டாதவரை உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

திறந்த கிணறு இல்லாமல் ஆழ்துளைக் கிணற்றில் சென்சார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாறை அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட நிலத்தடி நீரில் துளையிட்டிருந்தால், காற்றழுத்தம் ஏறும்போது துளைக்குள் நீர்மட்டம் உண்மையிலேயே இறங்கும். அழுத்தம் குறைந்தால் ஏறும். சென்சாரில் குறை ஒன்றும் இருக்காது. வேறுபடுத்துவது எளிது: டேப்பும் சென்சாரும் சேர்ந்தே ஏறி இறங்கினால் நீர்தான் நகர்கிறது, டேப் நிற்க, சென்சார் மட்டும் ஏறி இறங்கினால் வென்ட் டியூபைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை எழுதிய வாசகரிடம் நடந்தது இரண்டாவது.

இடி மின்னல் அதிகமுள்ள இடமென்றால் நீட்டிய கேபிளின் இரண்டு முனையிலும், திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பான் வையுங்கள். நீளம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. மின்னல் தாக்கிய சென்சார் பொதுவாக 3.6 மில்லியாம்பியருக்குக் கீழே அல்லது 21க்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அதை ஊறவைத்தும் பயனில்லை, ஆஃப்செட் போட்டும் பயனில்லை.

பெட்டியைச் சரிசெய்து ஒரு வாரம் ஓடவிட்டு, அதே மூன்று வேளைகளில் டேப்பும் டிஸ்ப்ளேயும் எழுதி அனுப்புங்கள். மீட்டர் மீட்டராக இறக்கி எடுத்த மில்லியாம்பியர் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். அதிலும் வித்தியாசம் தெரிந்தால் அப்போது சென்சார் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். மாற்ற நேர்ந்தால் வாங்க வேண்டியது 0–10 மீட்டர்தான். கேபிள் பம்பு அறைவரை வெட்டாமல் எட்டும் நீளத்துக்கு, தொழிற்சாலையிலேயே பொருத்தியதாகக் கேளுங்கள். அப்போது கிணற்றுச் சுவரின் மேல் பெட்டியே தேவைப்படாது. வென்ட் டியூப் பம்பு அறைக்குள், நிழலில், சிலிகா ஜெல்லுக்குப் பக்கத்தில் முடியும்.